நாவல் பெயரைப் போட்டால் நாவல்தான் வருகிறது: கல்லூரி நூலகத்தில் விமர்சனக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி?

கடைசிப்பெஞ்சு

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கில இலக்கியம் முதுகலை முதலாண்டு. ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' (காலனிய ஆப்பிரிக்காவில் நடக்கும் நாவல்) பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதித் தர வேண்டும். குறைந்தது ஐந்து விமர்சன ஆதாரங்கள் காட்ட வேண்டும், அதில் குறைந்தது மூன்று, பியர் ரிவ்யூ ஆன (அதாவது அதே துறை அறிஞர்கள் படித்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடும்) ஆய்விதழ்களில் வந்ததாக இருக்க வேண்டும்.

போன வாரம் நான் கொடுத்த பட்டியல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மூன்று, தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கான சுருக்கத் தளங்கள். ஒன்று யாரோ ஒருவரின் வலைப்பூ. ஐந்தாவது இணையக் கலைக்களஞ்சியம். ஓரத்தில் சிவப்பு மையில், "இதெல்லாம் கதை. கதையைப் பற்றி வாதாடியவர்கள் எங்கே?" என்று எழுதியிருந்தது.

சரி என்று நூலகக் கணினியில் நாவலின் பெயரை அடித்தேன். நான்கு பதிவுகள், நான்கும் அதே நாவல், வேறு வேறு பதிப்பு. ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ் இணையதளத்தில் அதே பெயரை அடித்தால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. முதல் பக்கத்திலேயே ஏதோ ஒரு நாட்டின் உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரை. கான்ராடுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பக்கம் வறட்சி, இன்னொரு பக்கம் வெள்ளம். எங்கே தொடங்குவது?

---

பழையநூலகர்

தம்பி, கவுண்டரில் உட்கார்ந்த காலம் முழுக்க எனக்கு அதிகமாக வந்த கேள்வி இதுதான்.

நீங்கள் கேட்டலாகிடம் "இந்தப் பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டீர்கள். அது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. கேட்க வேண்டியது, "இதைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று. தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கீழ்நோக்கு அம்பு இருக்கும், அதை யாரும் தொடுவதே இல்லை. தொட்டால் ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று பிரியும். 'பொருள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசிப் பெயர் முதலில், ஒரு காற்புள்ளி, அப்புறம் முதற்பெயர். ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். 'கான்ராட், ஜோசப், 1857-1924' என்று ஒரு வரி வரும். அதற்கு வாலாக 'கிரிட்டிசிசம் அண்ட் இன்டர்பிரிடேஷன்' என்று ஒட்டியிருக்கும். அதைச் சொடுக்கினால் அவருடைய எழுத்து முழுவதையும் பற்றிப் பேசும் நூல்கள் வரும்.

இந்த ஒரு நாவலைப் பற்றி மட்டும் எழுதிய நூலானால், ஆசிரியர் பெயருக்குப் பின்னால் நாவலின் பெயரே பொருள் தலைப்பாக வந்து நிற்கும். 'ஹிஸ்டரி அண்ட் கிரிட்டிசிசம்' என்ற வால் வேறு. அது தனி ஆசிரியருக்கு வராது. ஒரு வகைமைக்கு, ஒரு காலகட்டத்துக்கு, ஒரு மொழியின் இலக்கியத்துக்கு வரும். 'ஆங்கிலப் புனைகதை, 20ஆம் நூற்றாண்டு' என்பது போல. அதிலும் கான்ராட் ஒளிந்திருப்பார்.

அப்புறம் அலமாரி. டியூயி முறையில் அடுக்கும் நூலகமானால் கான்ராட் 823.912இல் இருப்பார். 823 ஆங்கிலப் புனைகதை, புள்ளிக்குப் பின்னால் வருவது காலகட்டம். டியூயியில் ஒரு வசதி, ஆசிரியரின் படைப்பும் அவரைப் பற்றிய விமர்சனமும் ஒரே எண்ணில்தான் வரும். நாவல் இருக்கும் தட்டில் கை வைத்து அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையானால் 'பிஆர் 6005' என்ற எண்ணைப் பாருங்கள். கணினியை மூடிவிட்டு ஒரு கால் மணி நேரம் அந்தத் தட்டின் முன்னால் நில்லுங்கள். நான் சொல்லும் ஒரே மந்திரம் இதுதான்.

நின்று என்ன பார்ப்பது? ஒவ்வொரு புத்தகத்தையும் பின்பக்கமாகத் திறங்கள். கடைசியில் உள்ள சொல்லடைவில் நாவலின் பெயர் இருக்கிறதா, எத்தனை பக்கம் என்று பாருங்கள். '112' என்று ஒற்றை எண் இருந்தால் போகிற போக்கில் ஒரு வரி. '87-121' என்று இருந்தால் ஒரு அத்தியாயமே இருக்கிறது. கேட்டலாக் பெரும்பாலும் புத்தகத்தின் பெயரைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் அத்தியாயத்தைச் சொல்லாது. விமர்சகர் எட்வர்ட் சையித் 1993இல் வெளியிட்ட 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' நூலில் இந்த நாவலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அட்டையில் கான்ராட் பெயர் கிடையாது. தலைப்பை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு அது கண்ணில் படவே படாது.

---

வேகநடை

இவ்வளவு நடை எதற்கு? சாட்பாட்டிடம் "இந்த நாவல் பற்றி ஐந்து பியர் ரிவ்யூ கட்டுரை கொடு" என்றால் அரை நிமிஷத்தில் மேற்கோள் வடிவத்தோடு தந்துவிடும். காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறுங்கள்.

---

அடிக்குறிப்பு

வேகநடை, அதைப் பற்றி அப்புறம் வருகிறேன், வயிற்றெரிச்சல் நிறைய இருக்கிறது.

கடைசிப்பெஞ்சு, பழையநூலகர் சொன்னது புத்தகங்களுக்கு. கட்டுரைகளுக்கு டேட்டாபேஸ். நூலகத்தின் இணையப் பக்கத்தில் 'டேட்டாபேஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும், பாடவாரியாகப் பிரித்திருப்பார்கள். அதில் இலக்கியத்துக்கு மூன்று பெயர்களைத் தேடுங்கள்: எம்எல்ஏ இன்டர்நேஷனல் பிப்ளியோகிராஃபி, ஜேஸ்டோர், ப்ராஜெக்ட் மியூஸ். மூன்றும் ஒரே வேலையைச் செய்கிறவை என்று நினைத்துத்தான் நான் முதல் வருஷம் முழுக்கத் தடுமாறினேன்.

எம்எல்ஏ அடிப்படையில் ஒரு பட்டியல். 1921இல் இருந்து நடக்கிறது. யார், எந்த நூலைப் பற்றி, எங்கே எழுதினார்கள் என்று ஆள் வைத்துப் படித்து, 'இது இந்த ஆசிரியர், இந்த நாவல், இந்தக் கருப்பொருள்' என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். முழுக் கட்டுரை எல்லா நூலகத்திலும் அதோடு வராது. ஆனால் அதில் நாவலின் பெயரைப் பொருளாகப் போட்டுத் தேடினால், வருவதெல்லாம் உண்மையிலேயே அந்த நாவலைப் பற்றியதாகவே இருக்கும். உங்கள் வெள்ளத்துக்கு இதுதான் மதகு.

ஜேஸ்டோர் நேர் எதிர். 1995இல் தொடங்கியது, பழைய இதழ்களை முதல் இதழிலிருந்து ஸ்கேன் செய்து அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு. அது முழுக் கட்டுரையின் ஒவ்வொரு சொல்லையும் தேடும். நாவலின் பெயர் ஆங்கிலத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டதால், போர் பற்றி எழுதுகிறவர்கூட எங்கோ ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுவார். அதனால்தான் அந்த உள்நாட்டுப் போர் உங்களிடம் வந்தது. விரிவான தேடலுக்குப் போய், 'கட்டுரைத் தலைப்பில் மட்டும்' என்று கட்டுப்படுத்துங்கள். சுருக்கத்தில் மட்டும் தேடு என்று ஒரு வசதி உண்டு, அதில் விழுந்துவிடாதீர்கள். அங்கே பெரும்பாலான கட்டுரைகளுக்குச் சுருக்கமே கிடையாது, நல்லதெல்லாம் கழிந்துவிடும்.

இன்னொன்று. ஜேஸ்டோரில் பல இதழ்களுக்கு 'நகரும் சுவர்' உண்டு. கடைசி மூன்று முதல் ஐந்து வருஷ இதழ்கள் பல நேரம் இருக்காது. புதுக் கட்டுரைகளுக்கு ப்ராஜெக்ட் மியூஸ் பக்கம் போங்கள்.

தேடு சொற்கள்: நாவலின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், அப்போதுதான் ஒரே தொடராகத் தேடும். அதோடு 'அண்ட்' போட்டு உங்கள் கோணத்தைச் சேருங்கள். காலனியம் என்றால் முழுச் சொல்லை அடிக்காமல் 'கொலோனி' வரை ஆங்கிலத்தில் அடித்து ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தை ஏற்கும் டேட்டாபேஸில் காலனியம், காலனிய, காலனியாக்கம் எல்லாம் ஒரே வலையில் வரும். பிரிட்டிஷ்காரர் 'எஸ்' போட்டாலும் அமெரிக்கர் 'ஸெட்' போட்டாலும் கவலையில்லை.

---

கடைசிப்பெஞ்சு

இரண்டு பேருக்கும் நன்றி. பழையநூலகர் சார், தம்பி இல்லை, தங்கச்சி :)

இன்று மதியம் முழுக்க நூலகத்தில்தான். 823.912 தட்டு மாடியில், ஜன்னல் ஓரத்தில், விளக்கு எரியாத இடத்தில் இருந்தது. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கான்ராட் பற்றி ஆறு புத்தகங்கள்! நாவலுக்கு ஒரு கை தூரத்தில்! இத்தனை நாள் நாவலை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறேன். சொல்லடைவைப் பின்பக்கமிருந்து பார்க்கும் வித்தை பிடித்துப் போய்விட்டது. ஆறில் இரண்டுதான் எனக்குப் பயன்படும் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

ரெஃபரன்ஸ் பகுதியில் தலையணை மாதிரி ஒரு வரிசை இருந்தது, 'ட்வென்டியத் சென்சுரி லிட்டரரி கிரிட்டிசிசம்' என்று. எடுத்துப் போகக் கூடாதாம். அதை மேற்கோள் காட்டலாமா?

ஜேஸ்டோரில் தலைப்பில் மட்டும் தேடி, 'பியர் ரிவ்யூ' இதழிலிருந்து மூன்று எடுத்துவிட்டேன். ஒன்று மூன்றே பக்கம், படிக்கச் சுலபம். நாளைக்குக் காட்டப் போகிறேன்.

வீட்டிலிருந்து திறந்தால் மட்டும் பணம் கேட்கிறது. ஏன்?

---

வகுப்பறைச்சன்னல்

அந்த மூன்று பக்கத்தை நாளைக்குக் காட்டாதீர்கள்! காட்டுவதற்கு முன் தலைப்புக்குக் கீழே பாருங்கள். ஒரு புத்தகத்தின் பெயர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை இருந்தால் அது நூல் மதிப்புரை. கான்ராட் பற்றி யாரோ எழுதிய புத்தகத்தை இன்னொருவர் மதிப்பிட்டது. பியர் ரிவ்யூ இதழில்தான் வந்திருக்கும், ஆனால் மதிப்புரை அந்தச் சல்லடை வழியாகப் போயிருக்காது. டேட்டாபேஸில் உள்ள டிக் பெட்டி இதழைத்தான் பார்க்கிறது, கட்டுரையைப் பார்ப்பதில்லை. நான் பாடம் நடத்துகிறவள். ஒவ்வொரு பருவத்திலும் இப்படி மூன்று பக்கக் 'கட்டுரைகள்' என் மேஜைக்கு வரும்.

தூக்கி எறியவும் வேண்டாம். மதிப்புரை பேசுகிற அந்தப் புத்தகம் உங்களுக்கு வேண்டியதாக இருக்கலாம்.

தலையணை வரிசை பற்றி. அது கேல் நிறுவனத்தின் தொகுப்பு. ஒரு ஆசிரியரைப் பற்றி வெவ்வேறு காலத்தில் வந்த விமர்சனங்களை வரிசையாக எடுத்துப் போட்டிருப்பார்கள். ஆசிரியர் எந்த வரிசையில் வருவார் என்பது அவர் இறந்த ஆண்டைப் பொறுத்தது. கான்ராட் 1924இல் இறந்தார், ஆகவே இருபதாம் நூற்றாண்டு வரிசை. 1800களில் இறந்தவருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரிசை தனியாக உண்டு. எப்போது எழுதினார் என்று பார்த்துத் தேடுகிறவர்கள் தவறான அலமாரியில் நின்றுகொண்டிருப்பார்கள். அது ஒரு நல்ல வாசல். ஆனால் பல இடங்களில் வெட்டி எடுத்த பகுதிகள்தான் இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் மூலம் எங்கே வந்தது என்று குறிப்பு இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு மூலத்தைத் தேடிப் போங்கள். விமர்சகர் "ஆனால்" என்று திரும்பும் இடம் வெட்டுப்பட்டிருந்தால், அவர் சொன்னதற்கு நேர் எதிராக அவரை மேற்கோள் காட்டிவிடுவீர்கள்.

மூலத்துக்குப் போவது ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் நாவலிலேயே உதாரணம் இருக்கிறது. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை ஆற்றினார். கான்ராட் ஆப்பிரிக்கர்களை மனிதர்களாகவே காட்டவில்லை என்று வாதாடினார். அது 1977இல் 'தி மாசசூசெட்ஸ் ரிவ்யூ' இதழில் வந்தது. அதில் கான்ராடை 'ப்ளடி ரேசிஸ்ட்' என்றிருக்கும். பிறகு அவரே திருத்திய வடிவத்தில் அது 'தரோகோயிங் ரேசிஸ்ட்' (முழுக்க முழுக்க இனவெறியர்) ஆயிற்று. வசவு போய் அடைமொழி வந்துவிட்டது. பின்னால் வந்த தொகுப்புகளில் பரவலாகக் கிடைப்பது திருத்திய வடிவம்தான். ஒரு மாணவர் ஒரு வடிவத்திலிருந்து வரியை எடுத்துவிட்டு இன்னொன்றின் ஆண்டைப் போட்டால் எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும், மூலத்தைத் திறக்கவே இல்லை என்று.

நாவலின் நார்ட்டன் கிரிட்டிக்கல் எடிஷன் நூலகத்தில் இருக்கிறதா பாருங்கள். நீங்கள் சொன்ன நான்கு பதிப்பில் ஒன்று அதுவாகவே இருக்கலாம். முன்பாதி நாவல், பின்பாதி பின்புலமும் விமர்சனக் கட்டுரைகளும், கடைசியில் நூற்பட்டியல். "நாவல்தான் வருகிறது" என்று நீங்கள் ஒதுக்கி வைத்ததற்குள்ளேயே விமர்சனம் உட்கார்ந்திருக்கக்கூடும்.

---

பழையநூலகர்

தங்கச்சி, மன்னிக்கவும்.

வீட்டில் பணம் கேட்பதற்குக் காரணம் இதுதான். கல்லூரி வளாகத்தின் இணைய முகவரியைப் பார்த்துத்தான் டேட்டாபேஸ் கதவைத் திறக்கிறது. வீட்டில் நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. கூகுள் வழியாகப் போகாமல் நூலகப் பக்கத்திலிருந்து அதே இணைப்பைச் சொடுக்குங்கள். கல்லூரி ஐடி கேட்கும், கொடுத்தால் திறந்துவிடும். எதற்கும் கையிலிருந்து பணம் கட்டாதீர்கள்.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஜேஸ்டோரில் தனிப்பட்ட இலவசக் கணக்கு ஒன்று தொடங்கலாம். 30 நாளைக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. உங்களுக்கு 100 எதற்கு!

---

வேகநடை

கூகுள் ஸ்காலர் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவே இல்லையே. இலவசம், லாகின் வேண்டாம். டேட்டாபேஸ் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது இளக்காரமா?

---

அடிக்குறிப்பு

இளக்காரம் இல்லை, தினமும் அதில்தான் கிடக்கிறேன். ஆனால் முதல் கதவாக வைத்துக்கொள்வதில்லை. ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கப் பிரதி, யாரோ ஏற்றிவைத்த பாடக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டும். பியர் ரிவ்யூ என்று பிரித்துக் காட்டாது. புதிதாக வருகிறவருக்குப் பதரையும் நெல்லையும் பிரிக்கத் தெரியாது.

அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே 'சைட்டட் பை' என்று ஒரு எண் இருக்கும். அதைச் சொடுக்கினால் அதற்குப் பின்னால் அதைப் படித்து எழுதியவர்கள் எல்லாரும் வருவார்கள். கட்டுரையின் அடிக்குறிப்பு பழைய காலத்துக்குக் கூட்டிப் போகும், 'சைட்டட் பை' இந்தக் காலத்துக்குக் கூட்டி வரும். அச்செபே கட்டுரையில் தொடங்கினால் அவரோடு சண்டை போட்டவர்கள், அவருக்காகச் சண்டை போட்டவர்கள் என்று ஒரு குடும்பத் தகராறே விரியும். உங்கள் ஐந்து ஆதாரமும் தனித்தனித் தீவாக இருப்பதைவிட, ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்வதாக இருந்தால் கட்டுரை பாதி எழுதியாயிற்று.

ஸ்காலரின் அமைப்புகளில் 'லைப்ரரி லிங்க்ஸ்' என்று இருக்கும். கல்லூரி பதிவு செய்திருந்தால் அதன் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் நூலகத்தில் இருக்கிறதா என்று காட்டும்.

இப்போது வயிற்றெரிச்சல். என்னிடம் ஒரு இளநிலை மாணவர் பட்டியல் கொண்டுவந்தார், சாட்பாட் கொடுத்தது. ஐந்து கட்டுரை. இதழின் பெயர்கள் உண்மை, விமர்சகர்களும் உண்மையானவர்கள், தொகுதி எண்கூட இருக்கிறது. இரண்டு கட்டுரைகள் கிடைத்தன. மூன்றாவதற்கு இதழின் அந்தத் தொகுதியைத் திறந்தோம். பட்டியல் சொன்ன பக்கத்தில் வேறு ஒருவருடைய, வேறு ஒரு நாவலைப் பற்றிய கட்டுரையின் நடு வாக்கியம் இருந்தது. நாலாவதும் ஐந்தாவதும் எங்கேயுமே இல்லை. அந்தப் பையன் இரண்டு நாள் தேடியிருக்கிறான், தனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

---

வேகநடை

சரி, அது தப்புதான். நான் சொன்னது தொடங்குவதற்கு. வரும் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். என்ன சொல் போட்டுத் தேடுவது என்று தெரியாதவருக்கு அது உதவுகிறது. 'கதை சொல்கிறவன் இன்னொருவன் கதையைச் சொல்கிறான்' என்று நமக்குத் தோன்றுவதை 'ஃப்ரேம் நேரேட்டிவ்' என்பார்கள் என்று அது எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்தச் சொல்லை வைத்துத்தான் டேட்டாபேஸில் தேடினேன்.

---

வகுப்பறைச்சன்னல்

அதை ஒப்புக்கொள்கிறேன். கலைச்சொல் தெரிந்துகொள்ளக் கேளுங்கள், கட்டுரைப் பெயரைக் கேட்காதீர்கள். இலக்கியக் கலைச்சொல் அகராதியும் இதைச் செய்யும், ரெஃபரன்ஸ் பகுதியில் தூசி படிந்து இருக்கும்.

---

தெற்குத்தெரு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பாடுதான், ஆனால் தமிழ். சங்க இலக்கியத் திறனாய்வு பற்றி ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தின் கேட்டலாகில் தேடுகிறேன். 'எஸ்' போட்டு 'சங்கம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஆங்கிலப் புத்தகங்கள் மட்டும் வருகின்றன. தமிழ்ப் புத்தகமே இல்லையா அங்கே?

---

பழையநூலகர்

இருக்கும், நீங்கள் தட்டுவது வேறு கதவு. பெரிய நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ஒலிக்குத் தகுந்தபடி எழுதுவதில்லை, எழுத்துக்குத் தகுந்தபடி ரோமன் எழுத்தில் மாற்றுகிறார்கள். தமிழில் ஒரு 'ச'தான் இருக்கிறது, அதற்கு 'சி' என்ற ஆங்கில எழுத்து. 'க'வுக்கு எப்போதும் 'கே', 'ஜி' வரவே வராது. ஆகவே சங்கம் அங்கே 'எஸ்'ஸில் தொடங்காது, 'சி'யில் தொடங்கும், நடுவில் 'ஜி' இருக்கிற இடத்தில் 'கே' இருக்கும். நாம் 'ஸெட்-எச்' போட்டு எழுதும் 'ழ', அங்கே அடிக்கோடிட்ட 'எல்'. புள்ளி, கோடு எதுவும் தட்ட வேண்டாம், வெறும் எழுத்து போதும், பெரும்பாலான கேட்டலாக் புரிந்துகொள்ளும். சிலவற்றில் தமிழ் எழுத்திலேயே தேடலாம், அதையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

அலமாரி எண் வேண்டுமானால் டியூயியில் 894.811, காங்கிரஸ் நூலக முறையில் 'பிஎல் 4758'.

நவீன இலக்கியத்துக்கு வரும்போது இன்னொரு சிக்கல். தமிழ் விமர்சனத்தில் பெரும்பகுதி சிறுபத்திரிகைகளில் வந்தது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' மாதிரி. அந்தக் கட்டுரைகள் டேட்டாபேஸில் அகப்படாது. பின்னால் தொகுப்பாக வந்த நூல்களில் கிடைக்கும், அல்லது பழைய இதழ்களைப் புரட்ட வேண்டும். தொகுப்பின் முன்னுரையில், ஒவ்வொரு கட்டுரையும் முதலில் எங்கே வந்தது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், 1990இல் வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு 1960இல் எழுதிய கருத்தை 1990இன் கருத்து என்று எழுதிவிடுவீர்கள்.

---

தெற்குத்தெரு

'சி' போட்டேன். வந்துவிட்டது சார், பக்கம் பக்கமாக. இரண்டு வாரமாக 'எஸ்'ஸைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

---

கடைசிப்பெஞ்சு

நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பக்கக் கட்டுரை மதிப்புரையேதான். டீச்சர் சொன்ன மாதிரி தலைப்புக்குக் கீழே பதிப்பகம், பக்கம் எல்லாம் இருந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தும் படிக்கவில்லை.

நான்கு பதிப்பில் ஒன்று நார்ட்டன்தான்! நான் முதல் நாளிலிருந்து பையில் சுமந்துகொண்டு அலைகிற புத்தகம். நாவல் முடிந்த இடத்தோடு மூடி வைத்துவிடுவேன், பின்னால் தடியாக இருப்பது ஏதோ குறிப்புகள் என்று நினைத்திருந்தேன். அச்செபே அதற்குள் இருக்கிறார், 'தரோகோயிங்' என்றுதான் இருக்கிறது.

1977 இதழை ஜேஸ்டோரில் திறந்து இன்னொரு வடிவத்தையும் பார்த்துவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஒரு யோசனை வந்தது. நான் எழுத நினைத்த 'இருளும் வெளிச்சமும் குறியீடுகள்' என்ற விஷயத்தை விட்டுவிடலாம் போலிருக்கிறது. கோபம் ஏன் தணிந்தது, தணிந்ததா, அல்லது சொல் மட்டும்தான் மாறியதா என்று எழுதலாமா?

ஒரு கட்டுரை மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு அடிக்குறிப்புகளில் வருகிறது, இரண்டு பேரும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். எங்கள் நூலகத்தில் அந்த இதழ் இல்லை.

---

பழையநூலகர்

நூலகங்களுக்கு இடையே கடன் வாங்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கவுண்டரில் கேளுங்கள். இருந்தால் ஒரு படிவம் தருவார்கள். கட்டுரையாசிரியர், கட்டுரைத் தலைப்பு, இதழ், தொகுதி, ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் அடிக்குறிப்பிலிருந்து பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். முழு இதழ் வராது, அந்தக் கட்டுரையை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். சில நாள் ஆகும், ஆகவே இன்றைக்கே கொடுங்கள். கடைசி நாள் வந்து நிற்கிறவர்களை நான் எவ்வளவு பார்த்திருக்கிறேன்!

---

வகுப்பறைச்சன்னல்

எழுதலாம். முதலில் உங்கள் ஆசிரியரிடம் தலைப்பு மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மொத்தக் கோபமும் தணிந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வடிவத்தையும் வரிவரியாக ஒப்பிட்டு வேறு என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்த வேலையை யாரும் உங்களுக்காகச் செய்து தர மாட்டார்கள், டேட்டாபேஸும் தராது.

---

கடைசிப்பெஞ்சு

படிவம் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தொகுதி எண்ணும் ஆண்டும் ஒத்துப்போகவில்லையே" என்றார். அடிக்குறிப்பைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் ஒரு ஆண்டு போட்டிருக்கிறார், இன்னொருவர் அடுத்த ஆண்டு போட்டிருக்கிறார். அச்சில் வந்த புத்தகத்திலேயே! எது சரி என்று எம்எல்ஏவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.